நடுவில் ஒரு சீட்: கல்லடியிலிருந்து பொத்துவில் வரை ஓட்டோவில்

நாள் 1 – கல்லடி

கொழும்பிலிருந்து வந்த இரவு ரயில் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் மட்டக்களப்பைத் தொட்டது. வெலிகந்தைப் பக்கம் யானைக்காக இரண்டு தரம் ஊர்ந்து போனது. ஸ்டேஷன் வாசலில் அக்காவின் மகன் நின்றான். நான் கடைசியாகப் பார்த்தபோது மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது மூன்று சில்லு ஓட்டோ ஓட்டுகிறான்.

ஓட்டோவின் பின்கண்ணாடியில் புகாட்டி ஷிரோன் என்ற அதிவேகக் காரின் ஸ்டிக்கர். கீழே பெரிய எழுத்தில் 490. சிலர் சாமி ஒட்டுவார்கள், சிலர் நடிகரை. இவனுக்கு இது.

"லண்டன்ல இதப் பாத்திருக்கீங்களா மாமா?"

"இல்ல. ஆனா வேற ஒண்டு கேட்டிருக்கன்."

"கேட்டா?"

2021 ஒக்டோபரில் என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் நண்பன் ஒருவன், மிச்சமாக ஒரு டிக்கெட் இருக்கிறதென்று குட்வுட் பந்தயத் திடலுக்குக் கூட்டிப்போனான். கார் வடிவமைப்பாளர் கோர்டன் மரேயின் டி.50 என்ற கார் அன்றுதான் முதல் தடவையாகப் பொதுமக்கள் முன் ஓடியது. ஓட்டியவர் பழைய பந்தய வீரர் டாரியோ ஃப்ராங்கிட்டி. முன்னால் நின்ற உயரமானவரின் தொப்பி மறைத்ததால் எனக்குக் கார் அரைவாசிதான் தெரிந்தது. சத்தம் முழுதாகக் கிடைத்தது. தொலைபேசியில் இருபது செக்கன் பதிவு இன்னும் இருக்கிறது. தேநீர்க் கடையில் அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "மோட்டச் சைக்கிள் கூட்டமா வாற மாதிரி இரிக்கி" என்றான். கெட்டிக்காரன். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை ஏறும். சாதாரணக் கார் ஆறாயிரத்துச் சொச்சத்தில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

பிறகு இலக்கச் சண்டை ஆரம்பித்தது. அவனுடைய ஷிரோனுக்கு 8 லீட்டர் எஞ்சின், 16 சிலிண்டர், நாலு டர்போ, 1500 குதிரைவலு. 2019இல் அதன் நீட்டிய மாதிரி ஒன்று ஜெர்மனியின் ஏரா-லெசியன் தடத்தில் மணிக்கு 490 கிலோமீட்டரைத் தாண்டியது. ஸ்டிக்கரில் இருப்பது அந்த 490 தான். டி.50க்கு 4 லீட்டருக்குச் சற்றுக் குறைவு, 12 சிலிண்டர், டர்போ இல்லை, 663 குதிரைவலு. "அரைவாசிகூட இல்லயே மாமா" என்று சிரித்தான்.

சரி, பாரத்தைக் கேள் என்றேன். ஷிரோன் கிட்டத்தட்ட 2 தொன். டி.50 எண்ணெய் தண்ணீரோடு 986 கிலோ. பக்கத்து வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போகும் டொயோட்டா அக்குவா இதைவிடப் பாரம். அவன் நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லை.

செய்வதாக அறிவித்தது மொத்தம் 100 கார். 2020இல் அறிமுகமானபோது விலை வரிக்கு முன் 23 லட்சத்து 60 ஆயிரம் பவுண். நம் நாட்டு இறக்குமதி வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கக் கடைக்கார ஐயாவின் கல்குலேட்டரை வாங்கினோம். இலக்கம் திரைக்குள் அடங்கவில்லை.

புதுக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. மரேயின் பெரிய புதுமை என்று உலகமே எழுதும் விஷயம், ஓட்டுநர் நடுவில், பயணிகள் இருவர் இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால். 1992இல் அவர் வெளியிட்ட மக்லாரன் எஃப்1 என்ற காரிலும் அதே அமைப்பு, டி.50இலும் அதே. விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் முன்னால் மருமகன் நடுவில் இருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் சூட்கேஸ்.

நாள் 2 – கல்லடி

வெளியே எங்கும் போகவில்லை. காலையில் பிட்டும் இறால் சொதியும். அதன்பிறகு விறாந்தையில் ஆராய்ச்சி.

டி.50இன் பின்புறம் நடுவில் 40 சென்ரிமீட்டர் விட்டத்தில் ஒரு விசிறி இருக்கிறது. ரொக்கெட் மாதிரித் தள்ளிவிடும் விசிறியாக்கும் என்று மருமகன் நினைத்தான். தள்ளுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு என்றேன். "உறிஞ்சி என்னத்துக்கு?" வாயால் சொல்லி விளங்காது, செய்தே பார்ப்போம் என்று பழைய கொம்பியூட்டரிலிருந்து ஒரு விசிறியைக் கழற்றினோம். அட்டைப்பெட்டியை வெட்டி முழ நீளத்தில் ஒரு கார். மேல்பக்கம் ஓட்டை போட்டு விசிறி. நாலு பக்கமும் தரையைத் தொடும்படி ஷொப்பிங் பையை வெட்டிப் பாவாடை. மின்சாரம் ஓட்டோ பற்றரியிலிருந்து. நல்லவேளை இரண்டுமே 12 வோல்ட்.

ஒரு பலகையில் காரை வைத்து, பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒவ்வொரு கல்லாக அடுக்கினோம். விசிறி இல்லாமல் இரண்டாவது கல்லிலேயே வழுக்கி வந்துவிட்டது. வயரைக் கொடுத்ததும் பாவாடை உள்ளே சுருங்கிப் பலகையோடு ஒட்டியது. மூன்று கல், நாலு கல். ஐந்தாவதில்தான் மெல்ல நகர்ந்தது. மருமகன் வயரைத் தொடுவதும் விடுவதுமாக அரை மணித்தியாலம் விளையாடினான். வயரை விட்டதும் கார் சர்ரென்று இறங்கும்.

மரே 1978இல் செய்தது ஏறக்குறைய இதைத்தான். அப்போது அவர் பிரபாம் என்ற ஃபோர்முலா 1 கார்ப் பந்தய அணியின் வடிவமைப்பாளர். போட்டியாளரான லோட்டஸ், காரின் இரு பக்க அடியிலும் சுரங்கம் அமைத்துக் காற்றாலேயே காரைத் தரையோடு இழுத்து வைத்தது. பிரபாமின் அல்ஃபா ரோமியோ எஞ்சினோ படுத்துக் கிடக்கும் அகலமான எஞ்சின். சுரங்கத்துக்கு இடமே இல்லை. பின்னால் பெரிய விசிறியை மாட்டினார் மரே. காற்றழுத்தத்துக்காக அசையும் பாகம் வைக்கக் கூடாது என்பது விதி. இது எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி என்றார்கள். அதுவும் பொய்யில்லை, பெரும்பகுதிக் காற்று ரேடியேற்றர் வழியாகத்தான் போனது. ஜூன் மாதம் சுவீடனின் ஆண்டர்ஸ்டோர்ப்பில் அந்த விசிறிக் காரை ஓட்டிய நிகி லாவுடா 34 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். மற்ற அணிகள் கொதித்தெழ, அணியின் சொந்தக்காரர் பேர்னி எக்கிள்ஸ்டன் காரைத் தானாகவே விலக்கிக்கொண்டார். ஓடியது ஒரு போட்டி, வென்றதும் அதுதான்.

இந்தக் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் மருமகன் முற்றத்து மணலில் பரீட்சை வைக்கப் போய்விட்டான். மணலில் விசிறி பிடிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக மணலை அள்ளிப் பின்பக்கம் வீசியது. பின்பக்கம் பாயில் அக்கா மிளகாய் காயப்போட்டிருந்தா.

அக்கா பேசியதை எழுத மாட்டேன். 1978இலும் பின்னால் வந்த ஓட்டுநர்கள் இதே முறைப்பாட்டைத்தான் சொன்னார்கள், கல்லும் குப்பையும் முகத்தில் அடிக்கிறது என்று. மரியோ ஆன்ட்ரெட்டியும் அதில் ஒருவர். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அனுதாபம் பிறந்தது ஆன்ட்ரெட்டி மீது மட்டும்.

டி.50இல் பாவாடை கிடையாது. அதில் விசிறியின் வேலை நுணுக்கமானது. காரின் அடியால் வரும் காற்று பின்னால் மேல்நோக்கி விரியும் ஒரு வழியால் வெளியேற வேண்டும். அந்த வழி எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவுக்குக் காரைக் கீழே இழுக்கலாம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழன்று கலங்கிவிடும். சுவரோடு ஒட்டி மந்தமாக ஊரும் மெல்லிய காற்றுப் படைதான் அதற்குக் காரணம். அந்தப் படையை மட்டும் விசிறி உறிஞ்சி எடுக்கிறது. மீதிக் காற்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும். பிரேக் பிடிக்கும்போது விசிறி முழு வேகத்தில் சுற்ற, பின் இறக்கைகள் தாமாக எழும்பும். மணிக்கு 240 கிலோமீட்டரில் வரும் கார் இதனால் 10 மீற்றர் முன்னதாகவே நின்றுவிடுகிறதாம்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்காவைச் சமாதானப்படுத்த, மக்லாரன் எஃப்1இன் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியிருப்பதைச் சொன்னேன். சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டி. "எவ்வளவு?" சுமார் 16 கிராம். "ரெண்டு பவுண்." அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "ரெண்டு பவுண எஞ்சினுக்க வச்சிருக்கானுகளே!"

நாள் 3 – சாய்ந்தமருது

தெற்கே புறப்பட்டோம். காத்தான்குடியின் நடுவீதிப் பேரீச்ச மரங்கள், களுவாஞ்சிக்குடி, கல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் ஓர் இழை போல வீதி. மருதமுனையில் ஒரு வீட்டுக்குள் கைத்தறி ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு நிறுத்தினேன். பாவும் ஊடையும் மாறி மாறிப் பின்னுவதை மருமகனுக்குக் காட்டி, டி.50இன் உடம்பைச் செய்யும் காபன் ஃபைபரும் இப்படி நெய்த துணிதான் என்றேன். நெசவாளர் அம்மா, "அத உடுக்க ஏலுமா தம்பி?" என்று கேட்டா. ஏலாது. குத்தும்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு ஃபைபர் போட்டைக் கவிழ்த்து வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே இரண்டு மணித்தியாலம் நின்றோம். இந்தப் பயணத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த எஞ்சினியரிங் வகுப்பு அதுதான்.

அடிப்பாகத்தில் முழ நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பின் இரு பக்கமும் கிரைண்டரால் சாய்வாகச் செதுக்கியிருந்தார்கள், தூளெல்லாம் வெள்ளை. நாநா ஒருவர் அரைப் பெயின்ற் வாளியில் ரெசின் என்ற பசையை ஊற்றி, அதை இறுகவைக்கும் ஹாட்னரை ஒரு மூடி அளந்து விட்டுக் குச்சியால் கலக்கினார். வெயில் ஏறிவிட்டதால் வழமையைவிடக் குறைவாக விட்டாராம், இல்லாவிட்டால் வாளிக்குள்ளேயே கட்டியாகிவிடும். பிறகு 'மட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைத்து, ரெசின் தோய்த்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்தார். இழுக்கவில்லை, குத்தினார். இழுத்தால் நார் கலைந்துவிடும். வெள்ளையாக இருந்த மட் மெல்ல மெல்ல கண்ணாடி போலத் தெளிந்து, கீழே இருந்த பச்சைப் பெயின்ற் தெரிந்தது. எங்கேயாவது வெள்ளைப் புள்ளி நின்றால் அது காற்று. விரலால் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளினார்.

"ரெசின் கூடினா போட் பாரம்" என்றார், எங்களைப் பார்க்காமலே. "பாரம் கூடினா மண்ணெண்ணெய் கூட. குறைஞ்சா மட் தண்ணி குடிக்கும், மறுகா அதுவும் பாரம்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. காபன் ஃபைபர் கார் செய்கிறவர்களின் தலையிடியும் இதேதான். வலிமை நாரில் இருக்கிறது, ரெசின் வெறும் பசை. தேவைக்கு மேல் ஒரு துளி இருந்தாலும் அது சும்மா பாரம். அதனால் அவர்கள் ரெசினை அளந்து ஊறவைத்த துணியைக் குளிரில் வைத்திருந்து, அச்சில் படை படையாக அடுக்கி, பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி, அழுத்தமுள்ள போறணையில் வேகவைப்பார்கள். நாநாவின் விரல் செய்யும் வேலையை அங்கே போறணை செய்கிறது. டி.50இன் உடற்கூடும் வெளித் தகடுகளும் எல்லாம் சேர்த்து 150 கிலோவுக்குள்.

நாநா கேட்டார், "அவ்வளவு சல்லிய கொட்டிப் பாரத்தக் குறைக்கிறது என்னத்துக்கு? பெரிய எஞ்சினப் போட்டாச் சரிதானே?" மருமகன் என்னைப் பார்த்தான். முதல் நாள் அவன் கேட்டதும் இதே கேள்வி. நான் சொல்ல முன்னமே அவனே சொன்னான்: "பெரிய எஞ்சின் போட்டா அதுக்குப் பெரிய பிரேக், பெரிய டயர், பெரிய டாங்க். மறுகா அந்தப் பாரத்த இழுக்க இன்னும் பெரிய எஞ்சின்." நாநா பிரஷ்ஷை நிறுத்தி அவனை ஒரு தரம் பார்த்தார். "படிக்கிற பொடியனா?" "ஓட்டோ ஓட்டுறன்."

பக்கத்தில் மீன் நிறுக்கும் தராசு தொங்கியது. எனக்கு ஒரு குறும்பு. மருமகனின் ஓட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் நீல வெளிச்சம் வேறு. கழற்றித் தராசில் கொழுவினோம். 13 கிலோ 400 கிராம். டி.50இல் பத்து ஸ்பீக்கரோடு முழுப் பாட்டுத் தொகுதியும் 3.9 கிலோ. ஆணி, நட்டு, தாங்கி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்துப் பாரம் குறைத்த கார் அது.

மருமகன் யோசித்தான். ஓட்டோவைச் சுற்றி வந்தான். முன்பக்க இரும்புக் கம்பி, பக்கத்து அலங்காரச் சங்கிலி, கூரையில் வைத்த இரண்டாவது ஸ்பெயார் சில்லு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். "எல்லாத்தையும் கழட்டுவன் மாமா. பாட்டுப் பெட்டி மட்டும் ஏலா."

நாள் 4 – திருக்கோவில்

வெயில். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடந்து மத்தியானம் திருக்கோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கினோம். நண்டுக்கறி. முட்டித் தயிர். நித்திரை. பின்னேரம் கோயிலடிக் கடற்கரை. காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இருவருக்கும் நல்லது.

நாள் 5 – பொத்துவில்

சங்கமன்கண்டி தாண்டிக் கோமாரிக்கு முன்னால் கிளச் வயர் அறுந்தது. கோமாரிப் பக்கம் அந்தியில் யானை வரும் என்று சொல்லியிருந்தார்கள். நேரம் நாலேமுக்கால்.

மருமகன் பதறவில்லை. பின்சீட்டைத் தூக்கினான், கீழே சுருட்டி வைத்த புது வயர். அறுந்தது கைப்பிடிக்குள் இருக்கும் உருளை முனையில், இழை இழையாகப் பிய்ந்து துடைப்பம் மாதிரி நின்றது. கைப்பிடி ஆணியைக் கழற்றி, பழைய முனையைக் குறட்டால் நெம்பி எடுத்து, புது வயருக்குக் கிறீஸ் தடவி உறைக்குள் மெல்லச் செலுத்தினான். பின்னால் எஞ்சின் பக்கம் போய் இழுத்து இறுக்கி, கைப்பிடியை ஒரு விரலால் அமத்தி, எவ்வளவு தளர்வு வேண்டும் என்று பார்த்தான். பத்து நிமிடம். தளர்வை அளந்ததைத்தான் நான் கவனித்தேன். அளவுகோல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் அமத்திப் பார்த்தான்.

இன்றைய பெரிய வேகக் கார்கள் பெரும்பாலும் கியரைத் தாமே மாற்றிக்கொள்கின்றன, ஓட்டுநர் ஒரு தகட்டை விரலால் தட்டினால் போதும். மரே அதற்குச் சம்மதிக்கவில்லை. டி.50இல் காலால் மிதிக்கும் கிளச், கையால் மாற்றும் ஆறு கியர். எஞ்சின் சும்மா மெதுவாகச் சுற்றும் நிலையிலிருந்து உச்சிச் சுற்றுக்கு ஏற 0.3 செக்கன் போதும். அந்த எஞ்சினுக்கு முன்னால் ஒரு மனிதனின் கால் எவ்வளவு மெதுவானது! ஆனாலும் அந்தக் காலுக்குத்தான் வேலை கொடுத்திருக்கிறார். உச்ச வேகச் சாதனையில் தனக்கு ஆர்வமில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அவருடைய எஃப்1 1998இல் அதே ஏரா-லெசியனில் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டிய கார். ஒரு தடவை உச்சிக்குப் போனவர் சொல்வதால் நம்பலாம். நம்மைப் போல ஓட்டோவில் போகிறவர்கள் சொன்னால் எடுபடாது.

அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஓட்டோவைக் கூப்பிட்டார்கள். கூரையில் இரண்டு பலகை கட்டி, பின்னால் இரண்டு பேரை ஏற்றி, மருமகன் ஒரு வாடகை ஓட்டம் போய் வந்தான். நான் தேநீர்க் கடையில் இருந்தேன். வந்ததும் சொன்னான், "ரெண்டாவது ஸ்பெயார் சில்லக் கழட்டினதாலதான் பலகை வைக்க இடம் வந்த."

நாள் 6 – மீண்டும் கல்லடி

ஒரே ஓட்டமாகத் திரும்பினோம். இன்று பௌர்ணமி. பௌர்ணமி இரவில் வாவிக்குள் கேட்கும் என்கிற பாடும் மீனைக் கேட்காமல் லண்டன் போனால் அக்கா வீட்டுக்குள் எடுக்கமாட்டா.

பின்னேரம் முழுக்க மருமகன் ஒரு கணக்கில் இருந்தான். வி12 எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஆறு தரம் வெடிக்கும். 12,100 சுற்றில் செக்கனுக்கு 1210 வெடிப்பு. அவனுடைய ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும், 5000 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. "அதான் என்ட எஞ்சின் எண்ணி எண்ணிப் பேசுது, அது பாட்டாப் படிக்குது" என்றான். குட்வுட்டில் எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதை இவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

இரவு பத்து மணிக்குப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தோணி பிடித்தோம். தோணிக்கார அப்பு எழுபது வயதிருக்கும். பாடுவது மீனா, சிப்பியா என்று கேட்டேன். "கேக்கிறவனுக்கு என்ன, சோறா போடப் போகுது?" என்று தண்டை நிறுத்தினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாலத்து விளக்குகள் நீளமாக விழுந்திருந்தன. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையை என் காதோடு வைக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் இரத்தம் ஓடும் சத்தம். அதற்குக் கீழே, தந்தியை யாரோ விரலால் தொட்டு விடுவது போல, ஒன்று. சற்று நேரம் கழித்து வேறொன்று, கொஞ்சம் கனத்த குரலில்.

துடுப்பை மருமகனிடம் கொடுத்தேன். காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். கோமாரியில் கிளச் பிடியை அமத்திப் பார்த்த அதே முகம். கனநேரம் அப்படியே இருந்தான். பிறகு மெல்ல, "மாமா, இது எத்தின சுற்று வரும்?" என்றான்.

"வாயப் பொத்து மனே" என்றார் அப்பு. "பேச்சுச் சத்தம் கேட்டா அது நிண்டுரும்."